சாவிக்காரர் வாய் திறக்கவில்லை

"அண்ணே, போன் வந்ததும் ஒரே ஒரு வார்த்தை! 'அந்தப் பொண்ணை நான் ஒண்ணும் பண்ணலை'ன்னு சொல்லுங்க. மீதியை நான் பேசிக்கிறேன்," என்று போனைச் சாவிக்காரரின் மூக்கருகே நீட்டினாள் தையல்காரி.

மீதியை அவள் பேசிவிடுவாள் என்பதில் அந்தத் தெருவில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த முதல் வார்த்தையையும் அவளே பேசியிருப்பாள், குரல்தான் பொருந்தாது.

சாவிக்காரர் ஒரு சாவியின் பல்லை அரத்தால் தேய்த்துக்கொண்டே, "வேலை கிடக்கும்மா," என்றார்.

எங்கே கிடக்கிறது வேலை? கொஞ்ச காலமாக அந்தக் கடைக்கு ஈகூட யோசித்துத்தான் வருகிறது. எல்லாம் ஒரு பாட்காஸ்ட் செய்த வேலை. பல வருஷங்களுக்கு முன் காணாமல்போன ஓர் இளம் மனைவியின் கதையை ஒருவர் தேன் குழைத்த குரலில் வாராவாரம் சொல்லி வந்தார். உடல் கிடைக்கவில்லை. அவள் கடைசியாக நின்றது இந்தச் சாவிக்கடை வாசலில். அது போதாதா? "எந்த வீட்டுக் கதவையும் திறக்கத் தெரிந்த ஒரு கை..." என்று அவர் குரலைத் தாழ்த்தியதும் தெருவே பூட்டை மாற்றிக்கொண்டது. சாவிக்காரர் மேல் கரிசனம் வைத்து, புதுப் பூட்டை அடுத்த தெருவில் வாங்கியது!

விஷயம் இடத்துக்காரர் காதுக்கும் போயிற்று. "பேரைச் சுத்தம் பண்ணு, இல்லேன்னா கடையைக் காலி பண்ணு," என்று சொல்லிவிட்டார்.

தையல்காரி மட்டும் ஒதுங்கவில்லை. ஒருமுறை அவள் குப்பை கொட்ட வெளியே வந்த நேரத்தில் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. உள்ளே கைக்குழந்தை, அடுப்பில் பால். செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்து திறந்தவர் இந்த மனுஷர்தான். அந்த நன்றிதான் இப்போது அவளை ஆட்டி வைத்தது. நிகழ்ச்சிக்கு ஓயாமல் குரல் பதிவு அனுப்பினாள்: "புருஷன் அழறதையே போட்டுட்டு இருக்கீங்களே, எங்க சாவிக்காரரை ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பா?"

தொல்லை தாங்காமல் அந்தத் தேன்குரல் இன்று போனில் பேச ஒப்புக்கொண்டிருந்தது.

வேடிக்கை பார்க்க, டீயும் கையுமாக மருந்துக்கடைக்காரர் வந்து சேர்ந்தார். "இவராவது பேசறதாவது! மடியில கனம் இருந்தா வழியில பயம் இருக்கத்தானே செய்யும்?"

"காதுக்கு ஊத்தற மருந்தைக் கண்ணுக்குக் குடுத்த ஆளு நீங்க. பேசாம டீயைக் குடிங்க!"

"அது ஏதோ கை தவறி... அதை விடும்மா. அந்தப் புருஷன் அழறதைக் கேட்டியா? அவ செருப்பை இன்னும் வாசல்ல துடைச்சு வச்சிருக்காராம். கல்லும் கரையும்."

"கேட்டேன், நானும்தான் அழுதேன். தைச்சுட்டிருந்த துணியே நனைஞ்சு போச்சு. அவர் மேல பரிதாபம்னா இவர் மேல பழியா?"

போன் அடித்தது. தையல்காரி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"வணக்கம் ஐயா. அன்னைக்கு அந்தப் பெண் உங்க கடைக்கு எதுக்கு வந்தாங்க?"

சாவிக்காரர் அரத்தைக் கீழே வைத்தார். "ஞாபகம் இல்லைங்க."

"நீங்க அவங்க வீட்டுப் பூட்டைத் திறந்தீங்களா?"

"எந்தக் கதவை யாருக்குத் திறந்தேன்னு நான் வெளியில சொல்றதில்லைங்க. தொழில் அப்படி."

"அவங்களுக்கு என்ன ஆச்சுன்னாவது..."

"தெரியாதுங்க."

"நல்லது. நேயர்களே முடிவு பண்ணட்டும்," என்றது குரல். அதில் சொட்டிய திருப்தியை ஒரு பாட்டிலில் பிடித்திருக்கலாம்.

"நான் சொல்லலை?" என்று டீ தம்ளரோடு கிளம்பினார் மருந்துக்கடைக்காரர். இன்னும் நாலு கடை ஏறி இதைச் சொல்ல வேண்டுமே!

"ஊரோட சண்டை போட்டு உங்களுக்கு வாய்ப்பு வாங்கிக் குடுத்தேனே அண்ணே! வாய்க்கு என்ன பூட்டா போட்டிருக்கீங்க? இனிமே கடை நிக்குமா?"

சாவிக்காரர் எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "எனக்காகப் பேச இந்தத் தெருவுல ஒரு தங்கச்சி இருக்கியே, அது போதும்மா. இதை நான் சாகற வரைக்கும் மறக்கமாட்டேன்."

இப்படிச் சொல்கிறவரை மேற்கொண்டு எப்படித் திட்டுவது? மூக்கை உறிஞ்சிக்கொண்டு தன் கடைக்கு வந்து இரண்டு பொத்தான் தைத்த பிறகுதான், போனை அங்கேயே வைத்துவிட்டது உறைத்தது.

திரும்பிப் போனாள். சாவிக்காரர் முதுகைக் காட்டியபடி, கொக்கியில் தொங்கிய சாவிகளைக் கழற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய பழைய போன் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தது. ஒரு பெண் குரல்.

"எனக்காகக் கடையையும் விடப்போறீங்களா அண்ணே? தினமும் உங்களை நினைச்சுக் கும்பிட்டுட்டுத்தான் எழுந்திருக்கிறேன். போதும், நான் உயிரோடதான் இருக்கேன்னு அந்த நிகழ்ச்சிக்கு நானே சொல்லிடறேன்."

"சொல்லிடாதம்மா, நீ அடி வாங்கினது போதும்," என்றார் சாவிக்காரர். "அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உன் புருஷன் வாராவாரம் அங்கே போய் அழுதுட்டிருக்கான்."