ஏட்டையா கேட்ட எட்டுப் பேர்

“இந்தக் கொட்டாய்ல யார் யார் கூடுறீங்க? ஒருத்தன் விடாம பேரைச் சொல்லு, எழுதிக்கிறேன்.”

ஏட்டு தட்சணாமூர்த்தி உப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்து நோட்டைத் தொடைமேல் விரித்துக்கொண்டார். சைக்கிளில் தனியாக வந்திருந்தார். எதிரே தேசப்பன் நின்றான். விடியற்காலையிலிருந்து பாத்தியில் உப்பு வாரியதில் கால் முழங்கால்வரை வெளுத்துக் கிடந்தது.

மரக்காணம் உப்பளத்தில் வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும். அதற்கப்புறம் இருப்பது நீண்ட மத்தியானம். அந்த மத்தியானத்தில்தான் ஆண்பிள்ளைகள் கெட்டார்கள். சர்க்கார் மதுவிலக்கை எடுத்துச் சாராயக் கடைகள் திறந்திருந்த மூன்று வருஷமும் கடையிலேயே கிடந்தார்கள். மறுபடி மதுவிலக்கு வந்து கடையை மூடி இரண்டு வருஷமாகிறது, குடிக்கிறவன் நிறுத்தினானா? பஸ் ஏறிப் பாண்டிக்குப் போனான், இல்லையென்றால் சவுக்குத் தோப்பில் காய்ச்சுகிறவனைத் தேடிப் போனான்.

தேசப்பன் போகாத தோப்பில்லை. பாண்டியில் குடியை விட்டவர்கள் ஒன்றாகக் கூடிப் பேசுகிறார்களாம் என்று யாரோ சொல்ல, தேடிப் பிடித்துப் போய் உட்கார்ந்தான். அன்றிலிருந்து ஒரு வருஷம் சாராயத்தைத் தொடவில்லை. பிறகு அதே மாதிரி ஒரு கூட்டத்தை இந்த உப்புக் கொட்டகையில் ஆரம்பித்தான். தன்னையும் சேர்த்து இப்போது எட்டுப் பேர். மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு, இன்றைக்கும் குடிக்கவில்லை என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்வார்கள். அவ்வளவுதான் கூட்டம்.

ஊர் நம்புமா? உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறவர்கள் வெல்லத் தண்ணியா குடிப்பார்கள் என்று சிரித்தது. அவர்கள் குடித்தது வெல்லத் தண்ணிதான். ஏட்டையாவும் பானையைத் திறந்து மோந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தும் பார்த்தார். சாராயம் இல்லையென்றால் பேரைச் சொல்வதில் உனக்கென்ன கஷ்டம் என்று கேட்டார்.

“சொல்ல மாட்டேங்க. உப்பைக் கையில அள்ளி சத்தியம் பண்ணிட்டுத்தான் ஒவ்வொருத்தனும் இங்க உக்கார்றான். யார் வந்தா, என்ன பேசினான்னு வெளியே போகாது.”

சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். எட்டுப் பேரில் ஒருவன் மகளுக்கு அடுத்த மாசம் நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டுக்கு அவன் குடித்த கதையே தெரியாது. இன்னொருவன் அளத்து மேஸ்திரி. ஸ்டேஷனில் குடிகாரன் என்று பேர் ஏறினால் முதலாளி மறுநாளே அனுப்பிவிடுவார். ஒரு பேர் வெளியே போனாலும் கூட்டம் கலைந்துவிடும். கலைந்தால் அத்தனை பேரும் தோப்புக்குத்தான் போவார்கள், தேசப்பனும்தான்.

ஏட்டையா எழுந்தார். மூலையில் இரண்டு பாட்டிலை வைத்துக் கேஸ் எழுதினால் ஆறு மாசம் உள்ளே கிடப்பாய் என்றார்.

“வைங்க. எழுதுங்க. என் பேரு தேசப்பன், அப்பா பேரு அப்பாவு. எட்டுப் பேர் வேணும்னா என் பேரையே எட்டுத் தடவ எழுதிக்குங்க.”

பளாரென்று ஒன்று விழுந்தது. அடிக்கிற கை அவருக்கு, வாங்குகிற கன்னம் இவனுக்கு, என்றைக்கு மாறியிருக்கிறது? தேசப்பன் கன்னத்தைத் தடவக்கூட இல்லை.

“இன்னும் அடிங்க ஏட்டையா. குடிச்ச காலத்துல ஊரே அடிச்சுது, வாங்கிக்கினேன். குடியை விட்டதுக்கு வாங்குற அடி எனக்கு வலிக்கல.”

ஏட்டையா அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன நெஞ்சழுத்தம் இந்த உப்பளத்தானுக்கு! குரலைத் தணித்து, பெண்டாட்டியிடமாவது மற்றவர்கள் பேரைச் சொல்லியிருப்பாயே என்று கேட்டார்.

“வசந்தா கேட்டு மூணு நாள் சோறு போடல. அவகிட்டயே சொல்லல, உங்ககிட்ட சொல்லுவேனா?”

“எஸ்.ஐ. வந்து கேட்டா? பெரிய அதிகாரி வந்து கேட்டா?”

“யார் வந்தாலும் இதே பதில்தான். என்னை இழுத்துக்கினு போறதுன்னா போங்க, வர்றேன்.”

சொல்லிவிட்டு அவனே கையை நீட்டினான். விலங்கு மாட்டட்டும், தெருவில் இழுத்துப் போகட்டும், ஊர் பார்க்கட்டும். மறைப்பதற்கு அவனிடம் ஏழு பேர்தான் இருந்தது, பயம் இல்லை.

ஏட்டையா நோட்டை மூடினார். வாசலுக்குப் போய் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். ஆள் நடமாட்டம் இல்லை. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“பிடிச்ச சாராயத்தையெல்லாம் கீழ கொட்டிட்டேன்னு எழுதிட்டு, நான்தாம்பா குடிச்சிக்கினு இருக்கேன். ஒம்போதாவதா நான் வந்து உக்காந்தா, என் பேரையும் இப்படியே காப்பாத்துவியா?”