இறங்கும் சரிவு

பனிச்சறுக்கில் பாய்ந்து அந்தரத்தில் கரணம் அடிப்பவர்கள் வந்து இறங்கும் சரிவு இறுகிக் கிடந்தால் முழங்கால் போய்விடும். அதனால் ஒவ்வொருவரின் ஆட்களும் முன்கூட்டியே மண்வெட்டியால் அந்தப் பனியைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கி வைப்பார்கள். ஆரூரனுக்குக் கொத்த லூக்காஸ் மட்டும்தான். அவன்தான் தன் காதலன் என்று ஆரூரன் தொலைக்காட்சியில் சொன்னதிலிருந்து அப்பா சரிவுப் பக்கமே வரவில்லை. ஆரூரன் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை, பாய்வதையும் விடவில்லை.

இன்று உச்சியிலிருந்து பார்த்தபோது கீழே இரண்டு மண்வெட்டிகள் ஏறி இறங்கின. ஒருவர் வெங்காயத் தோட்டம் கொத்துவதுபோல் இடுப்பை முழுக்க வளைத்துக் கொத்தினார். அந்த முதுகை அவனுக்குத் தெரியும்.

வோக்கிடோக்கி கரகரத்தது. லூக்காஸுடையதுதான், ஆனால் பேசியது அப்பா.

"தம்பி, அவசரப்படாதை. நாங்கள் இன்னும் கொத்தி முடிக்கேல்லை."

ஆரூரன் சறுக்குப் பலகைகளைக் குறுக்கே திருப்பி நின்றான்.

"எத்தினை கரணம்?" என்றார் அப்பா.

நடுவர்களிடம் இரண்டு என்றுதான் பதிந்திருந்தான்.

"மூண்டு, அப்பா. மாத்தச் சொல்லப்போறன்."

கீழே இரண்டு மண்வெட்டிகளும் ஒரு கணம் அப்படியே நின்றன. பிறகு முன்னைவிட ஆழமாக இறங்கின.