பொம்மையின் ஷூ

வாசலில் தொங்கிய திருஷ்டி பொம்மையின் ஷூவைக் காணோம்.

"பொம்மை காலைக்கூட விட்டுவைக்க மாட்டீங்களாய்யா?" என்றார் காண்ட்ராக்டர் அருள்பாண்டி. எடுத்தது யாரென்று மத்தியானத்துக்குள் தெரியவேண்டும், அந்த ஆளுக்கு நாளையிலிருந்து இங்கே சோலி கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

மேஸ்திரி ஜக்கையன் அலுப்போடு தலையாட்டினார்.

போடிமெட்டு ரோட்டிலிருந்த அந்தப் பழைய ஏலக்காய் கிட்டங்கிக் கட்டடத்தை இடிக்கத் தொடங்கிய வாரமே கூலியாள் சின்ராசு மாடிப்படியில் தடுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டான். படியெல்லாம் செங்கல் சில்லு, நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி. ஆனாலும் காரணம் கண் திருஷ்டி என்றே முடிவானது. கம்பியை வெட்டக் கூலி ஆகும். திருஷ்டி கழிக்க வைக்கோல் போதும். அருள்பாண்டி தம் பழைய பேண்ட், சட்டை, ஷூவை மாட்டி ஒரு பொம்மையைத் தொங்கவிட்டார்.

அதற்கப்புறம் யாரும் விழவில்லை என்பதும் உண்மை.

ஜக்கையன் ஒவ்வொருவர் காலாகப் பார்த்துக்கொண்டே மேலே போனார். வெறுங்கால். ரப்பர் செருப்பு. ஊக்கு குத்திய ரப்பர் செருப்பு.

கல் நிரம்பிய சட்டியோடு படியில் இறங்கிய மொக்கம்மாள் அவரைக் கண்டதும் நின்றுவிட்டாள். சின்ராசுவின் மனைவி. காலில் முதலாளியின் ஷூ. பெரிசாக இருந்ததால் உள்ளே துணி திணித்திருந்தாள்.

"நீயா ஆத்தா?"

"செருப்போட இறங்குனா கம்பியில மாட்டுதுண்ணே. பொம்மை தொங்குன நாள்லேருந்து சட்டி தூக்குற பொம்பளைக இதைத்தான் மாத்தி மாத்திப் போடுறோம். அது எங்கயும் நடக்கப்போறதில்லையே. சாயங்காலம் திருப்பி மாட்டிருவோம். இன்னைக்கு மொதலாளி வெரசா வந்துட்டாரு."

சட்டியை இறக்காமலே சொன்னாள். "அந்த மனுசன் கட்டுப் போட்டுக் கெடக்காரு. நானும் விழுந்தா கஞ்சிக்கு வழியில்லண்ணே."

ஜக்கையன் அந்தக் காலையே கொஞ்ச நேரம் பார்த்தார். முதலாளி போகும்வரை ஷூவைக் கழற்றி ஒளித்துவைக்கச் சொல்லிவிட்டுக் கீழே வந்தார். நாய் கவ்விக்கொண்டு போயிருக்கும் என்று முதலாளியிடம் சொன்னார்.

அருள்பாண்டிக்குக் கோபம் போய் பயம் வந்துவிட்டது. "அப்ப புதுசாவே வாங்கி மாட்டுய்யா. இத்தனை பேர் உசுரும் அதை நம்பித்தான இருக்கு."

"நெசந்தான் மொதலாளி."

செருப்புக்கடை நாகூர் கனி சிரித்தார். "வைக்கோல் பொம்மைக்கு சைஸா முக்கியம்? விக்காமக் கெடக்குறதுல ஒண்ணைத் தரவா மேஸ்திரி?"

"அஞ்சாம் நம்பர் குடுங்க பாய்," என்றார் ஜக்கையன். "படி இறங்கும்போது கழலக் கூடாது."