மூன்று பேர் தைத்த ஷூ
ஷூ தைக்கும் கடையின் மேசைமேல் அப்பாவோடு வந்த இரண்டு வயது மகள் உட்கார்ந்திருக்கிறாள். பிறவியிலேயே உள்ளே திரும்பிய இடது காலுக்கு இது மூன்றாவது ஷூ. முந்தைய இரண்டையும் மாட்டியதும் வீறிட்டு அழுதாள். ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை. சன்னல் வெயிலில் தோல் தூசி மிதக்கிறது. பாதி தைத்த ஷூவின்மேல் பிசியோதெரபிஸ்ட் சாக்பீஸால் கோடு போடுகிறாள். "குதிகாலை இன்னும் இறுக்கிப் பிடிக்கணும், அண்ணே." தைப்பவர் சிரிக்கிறார். "கோடு உங்க பேச்சைக் கேக்கும், டாக்டரம்மா. தோல் என் பேச்சைத்தான் கேக்கும்." "அப்ப பேசிப் பாருங்களேன்!" அப்பா மரம்போல் நிற்கிறான். மனைவி இறந்த இந்த எட்டு மாதங்களில், கேட்டால்தான் அவனிடமிருந்து பதில் வரும். இப்போது அவனை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் குனிந்து, மகளின் கணுக்காலுக்குக் கீழே உட்பக்கமாக விரலை வைக்கிறான். "குளிப்பாட்டும்போது இங்கதான் செவந்திருக்கும். தண்ணி பட்டாலே காலை இழுத்துக்குவா." பிசியோதெரபிஸ்ட் பழைய கோட்டை அழித்துவிட்டு, அந்த இடத்தைச் சுற்றி வளைத்துப் போடுகிறாள். தைப்பவர் அங்கே பிறைபோல் வெட்டி, பஞ்சு வைத்துத் தைத்து முடிக்கிறார். அப்பா ஷூவை மாட்டிவிட்டு மகளைத் தரையில் இறக்குகிறான். அவள் அழவில்லை. காலையே பார்க்கிறாள். பிறகு அவன் விரலை விட்டுவிட்டு ஓரடி வைக்கிறாள், இன்னோரடி வைக்கிறாள். "அடியே, பொறுடி!" என்று அப்பா கத்துகிறான். அவள் திறந்த வாசலைப் பார்த்துத் தத்தித் தத்திப் போக, மூன்று பேரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு அவள் பின்னால் ஓடுகிறார்கள்.