அக்கா காட்டிய ஊர்

“உங்கம்மா கேட்டா, ஊர் ரொம்ப அழகா இருக்குன்னு சொல்லணும். புரியுதா?” என்றாள் அக்கா, பஸ்ஸை விட்டு இறங்கியதுமே.

“இன்னும் ஒண்ணையும் பார்க்கவே இல்லையேக்கா.”

“பார்க்கத்தானே கூட்டிட்டு வந்திருக்கேன். வாயை மூடிட்டு வா.”

அக்கா என்றால் பெரியம்மா பெண். ஆராய்ச்சிப் படிப்புக்காக இந்த வெளிநாட்டு ஊருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. குடும்பத்தில் எந்தப் பிள்ளை மார்க் குறைவாக வாங்கினாலும் அக்கா பெயரைச் சொல்லித்தான் திட்டு விழும். அந்தத் திட்டில் பெரும்பங்கு சின்னவளுக்கே கிடைத்திருக்கிறது.

கல்லூரியில் சேருவதற்காகச் சின்னவள் இங்கே வந்து இறங்கியது சனிக்கிழமை. அன்று சாயங்காலமே அம்மாவுக்கு ஃபோன் போட்டு ஓவென்று அழுதாயிற்று.

“எனக்கு இந்தப் படிப்பும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். டிக்கெட் போடு, வந்துடுறேன்.”

“திங்கட்கிழமை வரைக்கும் பொறுடி. அக்கா ஊரைச் சுத்திக் காட்டுறேன்னு சொல்லியிருக்கா. அப்பவும் பிடிக்கலைன்னா கிளம்பி வந்துடு. நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சின்னவள் ஹாஸ்டல் அறையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அக்கா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ‘லேபில் தலைபோகிற வேலை’ என்று ஒரே ஒரு வரி மெசேஜ். நல்ல அக்கா!

அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

“இது மணிக்கூண்டு. நானூறு வருஷம் பழசு. மொத்தம் முந்நூத்திப் பன்னெண்டு படி,” அக்கா மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். “பார்த்தாச்சா? நட.”

“மேலே ஏறலாமா?”

“ஏறி என்ன பண்ணப் போறே? திரும்ப இறங்கத்தானே போறே.”

வலது பக்கம் ஒரு சின்னச் சந்து, வாசலுக்கு வாசல் பூத்தொட்டியோடு வளைந்து போனது.

“அக்கா, இந்தப் பக்கம் போய்ப் பார்ப்போமா?”

“அங்கே ஒண்ணும் இல்லை.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“ரெண்டு வருஷமா இந்த ஊர்லதான் குப்பை கொட்டுறேன். எனக்குத் தெரியாதா?”

அப்படிச் சொன்னவள், மூலைக்கு மூலை நின்று கைப்பையைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். என்ன என்று கேட்டால், “லிப்ஸ்டிக்” என்றாள். உதட்டில் ஒன்றையும் காணோம்.

அடுத்தது ஆற்றங்கரை.

“இங்கேருந்து படகுல அக்கரைக்குப் போறோம். இருபது நிமிஷத்துக்கு ஒண்ணு வரும்.”

நாற்பது நிமிஷம் நின்றார்கள். படகு வரவில்லை. குளிரில் சின்னவளின் மூக்குதான் ஓடியது.

தலைக்கு மேலே தொங்கிய பலகையில் ‘ஞாயிறு மட்டும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. சின்னவள் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருந்தாள். எட்டு மாசம் வகுப்புக்குப் போய் இந்த ஊர் பாஷையைக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு உபதேசம் வரும். அக்காவுக்கு லேபில் இங்கிலீஷிலேயே காலம் ஓடிவிடுவதால், இந்த பாஷை அரைகுறைதான்.

“படகோட்டிக்கு உடம்பு சரியில்லை,” என்றாள் அக்கா, நேரில் போய் நாடி பிடித்துப் பார்த்த மாதிரி.

கடைசியில் மியூசியம். “இன்னிக்கு ஹைலைட்டே இதுதான்!” என்று படியேறியவள், கதவில் பூட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். திங்கட்கிழமை விடுமுறையாம்.

சின்னவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. இரண்டு வருஷம் இருந்தவளுக்கு எது எப்போது திறக்கும் என்றுகூடத் தெரியவில்லை. இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமாம்! அம்மாவிடம் டிக்கெட் போடச் சொல்லிவிட வேண்டியதுதான்.

படியைக் கூட்டிக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்தாள். அக்காவைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். உள்ளூர் பாஷையில் படபடவென்று பொரிந்தாள்.

“அட, நீங்களா! பஸ் ஸ்டாப்புக்கும் இங்கேக்குமா நேத்து நாலு தடவை நடந்து வழி பழகினீங்களே! லேபை விட்டா ரூம், ரூமை விட்டா லேப், ரெண்டு வருஷமா ஊர்ல ஒண்ணையுமே பார்த்ததில்லைன்னு சொன்னீங்களே! தங்கச்சி அழுறா, திரும்பிப் போயிடுவாளோன்னு பயமா இருக்குன்னீங்களே, அது இவங்கதானா? ஐயோ, இன்னிக்கு லீவுன்னு நான் சொல்ல மறந்துட்டேனே!”

அக்காவின் முகம் காது மடல் வரை சிவந்துவிட்டது.

“என்னக்கா சொல்றாங்க?” என்று ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டாள் சின்னவள்.

“ம்? உள்ளே பெயின்ட் அடிக்கிறாங்களாம். வாசனை தாங்காதாம். அதான் இன்னொரு நாள் வரச் சொல்றாங்க.”

“ஓ...”

சின்னவள் குனிந்து, அவிழாத ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினாள்.

அடுத்த பஸ் எப்போது என்று பார்த்து வர அக்கா சாலையைத் தாண்டிப் போனாள். அட்டவணையில் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிப்பது இங்கிருந்தே தெரிந்தது.

ஃபோன் அடித்தது. அம்மா.

“என்னடி, ஊரெல்லாம் பார்த்தாச்சா? என்ன முடிவு பண்ணினே? டிக்கெட் போடட்டுமா?”

சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

“வேண்டாம்மா. இங்கே ஒரு பொண்ணு இருக்கா, ஊருக்குப் புதுசு. அவளை எப்படித் தனியா விட்டுட்டு வர்றது?”