இரண்டு சாண் தள்ளி

நாற்காலி அதன் இடத்தில் இல்லை.

மேடைப் பலகையில் அதன் நான்கு கால்களுக்கும் சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டிருந்தது. நாற்காலியோ இரண்டு சாண் இப்பால், சற்றே கோணலாக நின்றது. மேலிருந்து விழுந்த வெளிச்ச வட்டம் வெறும் பலகைக்குப் பெருமை சேர்த்துக்கொண்டிருந்தது.

பகல் காட்சிக்கு அரைமணி நேரம்தான் பாக்கி. இரண்டு வாரத்துக்கு மேல் மூடிக்கிடந்த அரங்கம் அன்றுதான் திறந்திருந்தது. வாசலில் நல்ல கூட்டம்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றே நாளான புது மேலாளர், யாராவது அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்றார்.

யாரும் அசையவில்லை.

தச்சர் மரியாதையாக விளக்கினார். நாற்காலியைச் செய்வதுதான் தன் வேலை. வார்னிஷ் காய்ந்துவிட்டால் அதற்கும் தனக்கும் உறவு கிடையாது. விளக்குக்காரர், ஒயர் இல்லாத பொருளைத் தான் தொடுவதில்லை என்றார். திரை இழுப்பவர் கையிலிருந்த கயிற்றைக் காட்டினார், அதை விட்டால் கூரையே இறங்கிவிடும் என்பதுபோல.

மேடைச் சாமான்களை அந்தப் பிரிவின் ஆள் மட்டுமே தொடலாம் என்பது சங்கத்தின் விதி. மூன்று ஆள் வேலையை ஒரே ஆள் தலையில் கட்டிய முதலாளியை எதிர்த்து, நாற்பது நாள் வேலைநிறுத்தம் செய்து வாங்கிய விதி. அதை எழுதியவரே சாமான் பிரிவின் ஆள்தான்.

ஒத்திகையில் ஒருமுறை கதாநாயகன் இந்த நாற்காலியைக் காலால் நகர்த்திவிட, சாமான் பிரிவுக்காரர் ஒரு மணி நேரம் வேலையை நிறுத்தினார். கடைசியில் நடிகர் மன்னிப்புக் கேட்டது சங்கத்திடமா நாற்காலியிடமா என்பது இன்னும் முடிவாகவில்லை.

பக்கத்திரை ஓரத்தில் உட்கார்ந்து, உடைப் பிரிவுக்காரி ஒரு கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். விதி எழுதிய மனிதரின் மனைவி.

கல்யாணமான புதிதில் அவள் வீட்டு மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்தியபோது, அது உன் பிரிவு இல்லையே என்றார் அவர். அப்படியானால் அடுப்பும் என் பிரிவு இல்லை என்றாள் அவள். அன்றிலிருந்து சமையல் அவர்தான். இந்த ஒப்பந்தத்தைப் பற்றி இருவருமே சங்கத்தில் மூச்சு விடவில்லை.

தச்சர் காலையிலேயே அவளிடம் வந்து தணிந்த குரலில் சொல்லியிருந்தார்.

“அண்ணி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா தள்ளி வச்சிடறோம். விதியை நாங்க பாத்துக்கறோம்.”

அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்கு வரவில்லை. தொடாதீர்கள் என்று சொல்லவும் முடியவில்லை. அவள் ஒருத்திக்காக ஒரு காட்சி நிற்பதா?

மேலாளர் பொறுமையிழந்து, நானே வைக்கிறேன் என்று மேடையேறினார்.

தச்சர் சுத்தியலைக் கீழே வைத்தார். விளக்குக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டார். திரைக்காரர் கயிற்றை விட்டார். கூரை இறங்கவில்லை.

“அந்த ஆளு எங்கதான் போய்த் தொலைஞ்சாரு?” என்றார் மேலாளர்.

எல்லோரும் அவள் கையிலிருந்த பொத்தானைப் பார்த்தார்கள். அதைத் தைத்து முடித்து வெகு நேரமாகியிருந்தது. அவள் மேலும் தைத்துக்கொண்டே இருந்தாள்.

விளக்குக்காரர் தொண்டையைச் செருமினார். ஏணியைச் சாய்த்து ஏறினார். திருகைத் தளர்த்தி, விளக்கின் முகத்தைக் கொஞ்சம் திருப்பினார்.

வெளிச்ச வட்டம் பலகையைக் கைவிட்டு நகர்ந்து, நாற்காலியின்மேல் வந்து நின்றது.

விளக்கு அவர் பிரிவு. யாரும் வாய் திறக்க முடியாது. கதாநாயகனும் பெருந்தன்மையாக, நான் இரண்டு சாண் குறைவாக நடந்தால் போயிற்று என்றார்.

ஒரு நாற்காலிக்கா இவ்வளவு வீம்பு என்று மேலாளர் சிரித்தார். திரைக்காரர் அவரை ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னார்.

பதினாறு நாளுக்கு முன், இதே நேரம், சாமான் பிரிவுக்காரர் நாற்காலியைத் தூக்கி வந்தார். குறிக்கு இரண்டு சாண் இருக்கும்போதே கீழே வைத்துவிட்டார். மூச்சு வாங்குகிறது, ஒரு நிமிஷம் என்று அதிலேயே உட்கார்ந்தார்.

தச்சரும் விளக்குக்காரரும் திரைக்காரரும் சேர்ந்துதான் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். விடிந்தபிறகு மூவர் மட்டும் திரும்பி வந்து அரங்கத்தைப் பூட்டினார்கள்.

நாற்காலியை யாரும் தொடவில்லை.