இருபத்து மூன்றாம் டோக்கன்

இருபத்து மூன்றாம் டோக்கனைத் தனக்கே எழுதிக்கொண்டாள்.

பொள்ளாச்சியில் அந்த கிளினிக்கின் முன்மேசையில் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். தன் பெயருக்கு டோக்கன் போடுவது இதுதான் முதல் தடவை.

பள்ளிக்கூட வாசலுக்கு இனிமேல் வர வேண்டாம் என்று மகள் சொன்ன அன்று முடிவெடுத்தாள். வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் தேதி தருவதாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு கடிதம்தான் பாக்கி. பல வருடமாக அவளைப் பார்த்துவரும் டாக்டர், என்ன செய்தும் எடை குறையவில்லை என்று எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் கிடைக்காது.

அப்படி ஒரு டாக்டர் அவளுக்கு இல்லை.

முழங்கால் வலி என்று போன இடத்தில் உடம்பைக் குறை என்றார்கள். காது வலி என்று போன இடத்திலும் அதையே சொன்னார்கள். அதன் பிறகு அவள் எங்கும் போவதில்லை.

போன வாரம் தன் முதலாளி டாக்டர் ஞானசேகரிடமே கேட்டாள்.

"நீ என் பேஷன்ட் இல்லையேம்மா. டோக்கன் போட்டுட்டு வா, எழுதித் தர்றேன்."

எடைக் கருவி அவள் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருகிறவர்களை அதில் ஏற்றி, உள்ளே டாக்டருக்குக் கேட்கும்படி எடையைச் சொல்வது அவள் வேலை.

இன்று அவளே ஏறினாள்.

ஹாலில் பேச்சு நின்றது.

"வெயிட் எவ்ளோ?" உள்ளிருந்து டாக்டரின் குரல்.

"நூத்தி முப்பத்தி ரெண்டுங்க சார்."

"கேக்கல. சத்தமா."

சத்தமாகச் சொன்னாள்.

மடியில் குழந்தையை வைத்திருந்த பெண் "அம்மாடி" என்றாள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

உள்ளே போனாள். நோயாளிகள் உட்காரும் ஸ்டூலைப் பார்த்துவிட்டு, நின்றுகொண்டாள்.

டாக்டர் எழுதத் தொடங்கியிருந்தார்.

"ஒன்பது வருஷமா என்கிட்டதான் பாக்குறேன்னு போடறேன். டயட் எல்லாம் சொல்லியிருக்கேன்ல?"

"சொல்லியிருக்கீங்க சார்."

வேலைக்குச் சேர்ந்த அன்று, இவள் உட்கார்ந்தால் நாற்காலி தாங்குமா என்று எல்லார் முன்னாலும் கேட்டிருந்தார். மறுநாள் பிளாஸ்டிக் நாற்காலி போய் இரும்பு நாற்காலி வந்தது.

பேனா நின்றது.

"உன் பேர் என்ன?"

"பூங்கொடிங்க சார்."

அப்போதுதான் நிமிர்ந்தார். மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார்.

"பூங்கொடியா?"

சிரித்துக்கொண்டே எழுதினார். முத்திரை குத்திக் கடிதத்தை நீட்டினார்.

அவர் கையெழுத்தைத் தடுமாறாமல் படிக்கத் தெரிந்தவள் அந்த கிளினிக்கில் அவள் ஒருத்திதான். நின்றபடியே படித்தாள். கடைசி வரியில், இதயத்தையும் நுரையீரலையும் பரிசோதித்ததாகவும் ஒரு குறையும் இல்லை என்றும் இருந்தது.

ஸ்டெதாஸ்கோப் அவர் கழுத்தில்தான் கிடந்தது.

"சார், படுத்தா மூச்சு அடைக்குதுங்க. நாலு படி ஏறினா நெஞ்சைப் பிடிக்குது. ஒருக்கா வெச்சுப் பாத்தீங்கன்னா..."

சொல்லிக்கொண்டே முந்தானையைக் கொஞ்சம் ஒதுக்கியிருந்தாள்.

"அதெல்லாம் வெயிட்டும்மா. ஆபரேஷன் ஆனா சரியாயிடும்."

மணியை அழுத்தினார்.

அந்த மணி கேட்டால் அடுத்த ஆளை உள்ளே அனுப்ப வேண்டியவள் அவள்தான்.

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கடிதத்தை நான்காக மடித்தாள். கதவைத் திறந்தாள்.

"இருபத்தி..."

மூச்சு அங்கேயே நின்றது. கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

குழந்தைக்காரி அதற்குள் எழுந்து வந்துவிட்டாள். வழி விடச் சொல்லி நின்றாள்.